தொந்தியும் டென்ஷனும்: நம் உடம்பின் வரவு செலவு



நம் தொழிலில் சரக்கு இருப்பு எவ்வளவு, வெளிப்பாக்கி எவ்வளவு, யாருடைய செக் எந்தத் தேதியில் பாஸாகும் என்பதெல்லாம் நமக்கு விரல் நுனியில் இருக்கும். ஆனால் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. பேண்டின் அளவு மாறும்போதும், வேட்டியின் மேல் பெல்ட் ஓட்டை ஒன்று தள்ளும்போதும்தான் அந்த நினைவே வரும். "சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்துவிட்டேன், தொந்தி மட்டும் குறையவில்லை. எல்லாம் டென்ஷன்தான் காரணம்" என்று கடைவீதியில் அடிக்கடி கேட்கிறோம். இப்படிச் சொல்வதில் உண்மை எவ்வளவு, சாக்குப்போக்கு எவ்வளவு என்பதை விளக்கவே இக்கட்டுரை. டென்ஷனைக் குறைத்து எடையைக் குறைப்பதாகச் சொல்லும் பொடிகளும் மாத்திரைகளும் நம் கடைகளுக்கே விற்பனைக்கு வருவதால், வாங்குபவர் என்ற முறையிலும் விற்பவர் என்ற முறையிலும் நாம் இதைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

நம் கடற்கரையும் நம் பதற்றமும்

மரக்காணத்து உப்பு வணிகம் வானத்தைப் பார்த்து நடப்பது. தை, மாசியில் பாத்தி திருத்தி, கோடை முழுவதும் உப்பு வாரி, அம்பாரம் கட்டி வைத்தாலும், ஐப்பசி பிறந்துவிட்டால் நிம்மதியான தூக்கம் கிடையாது. ஓர் இரவு மழை பெய்தால் முதலீடு கரைந்து ஓடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அப்போது நம் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் உப்பளங்கள் ஏரி போல நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

மளிகை, அரிசி, எண்ணெய் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு வேறு வகைக் கவலை. கொள்முதல் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாதம் பிறந்தால் 11-ம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. படிவம், 20-ம் தேதி இன்னொன்று. வாடகை, வட்டி, வேலையாட்கள் பற்றாக்குறை, கடனுக்கு வாங்கிப் போனவர் போனை எடுக்காமல் இருப்பது என்று தினமும் ஏதாவது ஒன்று. புயல் என்றைக்கோ ஒரு நாள் வருகிறது. இந்தக் கவலைகள் தினமும் வருகின்றன. உடம்பைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வகைதான் அதிக ஆபத்து.

கார்ட்டிசோல் என்பது என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி வைத்ததுபோல் அட்ரீனல் என்னும் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 5 கிராம் எடைதான். ஆபத்து என்று மூளை கருதியவுடன் இச்சுரப்பிகளுக்கு உத்தரவு போகிறது. முதலில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. இது சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதையடுத்துச் சுரப்பதுதான் கார்ட்டிசோல். இது நிதானமாக வந்து நெடுநேரம் வேலை செய்யும் ஹார்மோன்.

பலவிதமான துன்பங்களுக்கும் உடம்பு ஒரே மாதிரியாக எதிர்வினை காட்டுகிறது என்பதைக் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1936-ல் எழுதினார். இன்று உலகமெங்கும் பேசப்படும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் மருத்துவத்தில் பரவ அவரே முக்கியக் காரணம். அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்ததற்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கார்ட்டிசோலைக் கெட்ட ஹார்மோன் என்று எண்ணிவிடக் கூடாது. அது இல்லாமல் உயிர் வாழவே முடியாது. காலையில் நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பி வேலைக்குத் தயாராக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. விடியற்காலையில் ஏறி, எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பகல் முழுக்கப் படிப்படியாக இறங்கி, நள்ளிரவு வாக்கில் மிகக் குறைவாக இருப்பதே ஒழுங்கு. காலையில் கடை திறந்து இரவில் அடைப்பது போன்ற ஏற்பாடு இது. கடை அடைக்க வேண்டிய நேரத்திலும் திறந்தே கிடந்தால் என்ன ஆகும்? அதுதான் நம் பிரச்சினை.

வாங்க ஆளில்லாத சரக்கு

ஆபத்து வந்தால் ஓட வேண்டும் அல்லது எதிர்த்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் சக்தி தேவை. எனவே கார்ட்டிசோல் ஈரலைத் தூண்டிச் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. போதாததற்குத் தசையில் உள்ள புரதத்தையும் உடைத்துச் சர்க்கரையாக்கச் சொல்கிறது. காட்டில் புலியைக் கண்டு ஓடிய நம் முன்னோர் அந்தச் சர்க்கரையைக் கால்களால் செலவழித்தார்கள். நாமோ கல்லாவில் உட்கார்ந்தபடியே பதறுகிறோம். கிடங்கைத் திறந்து சரக்கை இறக்கியாகிவிட்டது, வாங்க ஆளில்லை. திரும்ப எங்காவது அடுக்கித்தானே ஆக வேண்டும்? இன்சுலின் அந்த வேலையைச் செய்கிறது. கார்ட்டிசோலும் இன்சுலினும் சேர்ந்து கூடுதலாக இருக்கும்போது, கொழுப்பு அடுக்கப்படும் இடமாக வயிற்றின் உட்பகுதி அமைந்துவிடுகிறது. அங்குள்ள கொழுப்புத் திசுக்கள் கார்ட்டிசோலின் பேச்சை மற்ற இடத்துத் திசுக்களைவிட அதிகம் கேட்பவை.

இதற்குச் சரியான சான்று குஷிங் நோய். அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-ல் இதை விரிவாக விளக்கினார். கார்ட்டிசோல் அளவுக்கு மீறிச் சுரக்கும் இந்நோயில் முகம் உருண்டை ஆகும், வயிறு பெருக்கும், கை கால்கள் மட்டும் மெலியும். ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே மாற்றம் வருவதைப் பார்க்கிறோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்கு வரும் அன்றாட டென்ஷனால் கார்ட்டிசோல் குஷிங் நோய் அளவுக்கு ஏறுவதில்லை. எனவே "டென்ஷன் ஒன்றினாலேயே பத்துக் கிலோ ஏறிவிட்டது" என்பது கணக்குக்கு ஒத்து வராது. டென்ஷன் பெரும்பாலும் சுற்று வழியில் வேலை செய்கிறது. தூக்கத்தைக் கெடுக்கிறது. இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேட வைக்கிறது. நடக்க நேரமில்லை என்று சொல்ல வைக்கிறது. இவை சேர்ந்துதான் எடை ஏறுகிறது. சிலருக்குக் கவலையில் பசியே போய் உடம்பு மெலிவதும் உண்டு.

லண்டனில் 10,308 அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2006-ல் வெளிவந்தது. வேலையில் தொடர்ந்து நெருக்கடியில் இருந்தவர்களுக்குத் தொந்தி, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்புக் கோளாறு ஆகியவை ஒன்றாகக் கூடிவரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. அரசு ஊழியருக்கே இந்த நிலை என்றால், சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாத வணிகரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மவர் உடல்வாகு

வெள்ளைக்காரருக்குப் போட்ட எடைக் கணக்கு நமக்குச் சரிப்படாது. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் நாட்டவர் உடம்பில் 21.2 சதவீதம். தராசில் இருவரும் சமம், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. ஒல்லியாகத் தெரியும் நம்மவருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய். வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். தமிழ்நாட்டில் நீரிழிவு நோய் உள்ளவர்கள் 14.4 சதவீதம், அதாவது பெரியவர்களில் ஏழு பேருக்கு ஒருவர்.

ஆகவே தராசைவிட இஞ்ச் டேப்பை நம்புவது நல்லது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பது எடைக்கல்லை ஏமாற்றுவது போல. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே எல்லை. அதாவது சுமார் முப்பத்தைந்தரை அங்குலம், முப்பத்தொன்றரை அங்குலம். இதைத் தாண்டினால் கவனம் தேவை.

உப்பளமும் கல்லாவும்

நம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தொந்தி அபூர்வம். அவர்களுக்கு நெருக்கடி இல்லை என்று அர்த்தமில்லை. வெயில், கூலி, மழைக்கால வேலையின்மை என்று அவர்கள் படும் பாடு நம்மைவிட அதிகம். தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பரிசோதித்து 2023-ல் வெளியிட்ட முடிவில், சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்ததாகக் கண்டார்கள். கடும் வெப்பமும், வேலை நேரத்தில் போதிய தண்ணீரும் கழிப்பிட வசதியும் இல்லாமையும் உடம்பைப் பாதிப்பதை அந்த ஆய்வு எடுத்துக் காட்டுகிறது. நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் செய்து கொடுப்பது உப்பு முதலாளிகளான நம் கடமை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறோம்.

அவர்கள் உடம்பு தேய்ந்து கெடுகிறது, நம் உடம்பு தேயாமல் கெடுகிறது. இறங்கிய சர்க்கரையை அவர்கள் தசை செலவழித்துவிடுகிறது, நமக்குச் செலவழிக்க வழியில்லை. மருந்தில்லாமல் கார்ட்டிசோலை ஒழுங்குபடுத்தும் வழிகள் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: தூக்கம்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை 6 இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டுமே படுக்க வைத்துப் பார்த்தார்கள். 1999-ல் வெளியான முடிவு என்னவென்றால், மாலையில் இறங்கியிருக்க வேண்டிய கார்ட்டிசோல் கூடியிருந்தது, சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைந்திருந்தது. ஆறே இரவுகளில் இந்த மாற்றம்.

அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வு 2010-ல் வந்தது. கூடுதல் எடையுள்ள 10 பேருக்குக் குறைந்த உணவு கொடுத்து, 14 நாள் எட்டரை மணி நேரமும், இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். இரண்டு தடவையும் உணவு ஒன்றே, குறைந்த எடையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, குறைவாகத் தூங்கியபோது 0.6 கிலோ மட்டுமே. மீதி எடை தசையிலிருந்து போனது. பட்டினி கிடந்தும் தூங்காதவர் கொழுப்பை வைத்துக்கொண்டு தசையை இழக்கிறார். முதலை விற்றுச் செலவு செய்வது போன்ற நஷ்டம் இது.

நம்மில் பலர் இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து, பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் படுத்து, கோயம்பேட்டுச் சரக்குக்காக மூன்று மணிக்கு எழுகிறோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு அனுமதி அளித்தது. கடைக்குக் கிடைத்த அனுமதி அது. உடம்புக்கு அந்த அனுமதி இல்லை. அண்ணன் தம்பியோ, தகப்பன் மகனோ முறை வைத்துக் கடை பார்த்தால் ஒருவருக்காவது தினமும் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். படுக்கும்முன் பேரேட்டையும் செல்போனையும் எடுத்து வைத்துவிட வேண்டும். நாளைக்குக் கொடுக்க வேண்டியது, வர வேண்டியது எல்லாவற்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கல்லாவில் போட்டுப் பூட்டிவிட்டு வந்தால், அதே கணக்கைப் படுக்கையில் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கும் வழக்கம் குறையும்.

இரண்டாவது வழி: டீக்கணக்கு

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டீ சொல்லுவது நம் பண்பாடு. அவர்களுடன் நாமும் ஒன்று குடிப்பது வழக்கம். ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் சுமார் 10 கிராம். ஒரு நாளைக்கு 8 டீ என்றால் 80 கிராம். மாதத்துக்கு 2 கிலோ 400 கிராம். ஒரு குடும்பத்துக்கு மாதச் சாமான் சிட்டையில் போடும் சீனி அளவை நாம் ஒருவரே டீயில் குடித்துவிடுகிறோம். 80 கிராம் சீனியின் சக்தி 320 கலோரி. ஒரு மாதத்துக்கு 9,600 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பின் சக்தி சுமார் 7,700 கலோரி என்பது கணக்கு. வேறு செலவில் கழியாவிட்டால் இந்தச் சீனி எங்கே போய்ச் சேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. பால், வடை, பஜ்ஜியை இதில் சேர்க்கவில்லை.

டீயிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் கார்ட்டிசோலைக் கொஞ்சம் தூண்டும். குடித்ததில் பாதி உடம்பை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எனவே காலையில் இரண்டு, மாலை நான்கு மணிக்குள் ஒன்று, அதுவும் சீனி குறைத்து என்று வைத்துக்கொள்வது நல்லது. மற்ற நேரத்தில் விருந்தினருக்கு டீ வரட்டும், நமக்கு மோரோ வெந்நீரோ போதும். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாட்டில் பட்டினி கிடப்பது வழியாகாது. மதியம் நாலு மணி வரை வயிற்றைக் காயப்போட்டு, பிறகு இலை நிறையச் சோறு போடுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிட்டு, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கீரை, காய், பயறு, நம் கடற்கரை மீன் ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டால் பசியும் அடங்கும், தசையும் நிற்கும்.

மூன்றாவது வழி: நடை

இறங்கிய சர்க்கரையைச் செலவழிக்க நடையைவிட மலிவான வழி இல்லை. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ஆலோசனை ஏதும் இல்லாத பிரிவில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி நடை, இனிப்பும் கொழுப்பும் குறைத்த உணவு என்று இருந்த பிரிவில் 39.3 சதவீதம் பேருக்கு மட்டுமே வந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. தராசு முள் நகராவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது. ஆகவே ஒரு மாதம் நடந்து பார்த்து எடை குறையவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வலியுறுத்தியது. தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. நமக்குக் கடற்கரையே இருக்கிறது. எட்டுக் கிலோமீட்டர் வேண்டாம், கடை திறக்கும்முன் இருபது நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் போதும். பாக்கி கேட்டுச் சண்டை போட்டு வந்த படபடப்பு அடங்கவும் அந்தப் பத்து நிமிட நடை உதவும். கோபம் வந்தவுடன் போனை எடுப்பதைவிட, கிடங்குவரை நடந்து மூட்டையை எண்ணிவிட்டு வருவது உத்தமம்.

நான்காவது வழி: மூச்சு

நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது இதயத் துடிப்பைத் தணித்து மனத்தையும் அமைதிப்படுத்தும். நம் முன்னோர் பிராணாயாமம் என்று சொன்னதை இன்று மருத்துவ நிலையங்களும் ஆராய்கின்றன. நமக்குப் பக்கத்தில் உள்ள புதுச்சேரி ஜிப்மரில் 2008-ல் யோகா சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் தனி மையமே தொடங்கினார்கள். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிடம் செய்யலாம், செலவில்லை.

ஆனால் மூச்சுப் பயிற்சி மட்டும் தொந்தியைக் கரைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 47 பெண்களுக்கு நான்கு மாதம் மன அமைதிப் பயிற்சியும் நிதானமாக உண்ணும் பயிற்சியும் கொடுத்த ஆய்வு 2011-ல் வந்தது. பயிற்சி பெற்றவர், பெறாதவர் என்று இரு பிரிவுகளாகப் பார்த்தால் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. யாருக்கு மன நெருக்கடியும் காலை நேரக் கார்ட்டிசோலும் நன்றாகக் குறைந்தனவோ அவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் குறைந்தது. மன அமைதி துணைக்கு நிற்கும். சாப்பாடும் நடையும்தான் முதல் போட்டு நடத்த வேண்டியவை.

உப்பு விற்கும் நாம் உப்பைப் பற்றி

உப்பு நம் பிழைப்பு. இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் கூடும் என்பது தெரிந்ததே. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு உப்பு மிகுந்த உணவு கொடுத்துப் பார்த்ததில், நெருக்கடி ஹார்மோன்களின் அளவும் கூடியதாக 2022-ல் தெரிவித்தார்கள். எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் குறைப்பதால் நமக்கு நஷ்டமில்லை. நம் ஊர் உப்பு தோலுக்கும், ஐஸுக்கும், ரசாயனத் தொழிலுக்கும் போகிறது. வீட்டு உலையில் ஒரு சிட்டிகை குறைந்ததால் உப்பு வணிகம் படுத்துவிடாது.

பொடிகளும் மாத்திரைகளும்

அமெரிக்காவில் 'கார்ட்டிஸ்லிம்' என்ற மாத்திரையைத் தொலைக்காட்சியில் விளம்பரப்படுத்தி விற்றார்கள். கார்ட்டிசோலைக் கட்டுப்படுத்தித் தொந்தியைக் கரைக்கும் என்பதே அதன் வாக்குறுதி. ஆதாரமில்லாத விளம்பரம் என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2004-ல் நடவடிக்கை எடுத்தது. 2007 ஜனவரியில், இதையும் சேர்த்து நான்கு எடைக் குறைப்பு மாத்திரைகளை விற்றவர்கள் மொத்தம் 2 கோடியே 50 லட்சம் டாலர் அளவுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதே வாக்குறுதி இன்று வேறு டப்பாக்களில், வேறு பெயர்களில் நம் ஊருக்கும் வருகிறது.

அமுக்கிராக் கிழங்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அஸ்வகந்தா என்ற பெயரில் விற்பதும் அதுதான். மன நெருக்கடி உள்ள 64 பேரிடம் 60 நாள் நடத்தி 2012-ல் வெளியான இந்திய ஆய்வில், அதன் சாரம் சாப்பிட்டவர்களுக்குக் கார்ட்டிசோல் சுமார் 28 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஆய்வு சிறியது. சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாகவும் மருத்துவக் குறிப்புகள் உள்ளன. டென்மார்க் நாடு 2023-ல் இதைத் தடையே செய்தது. கர்ப்பிணிகளும், தைராய்டு, ஈரல் கோளாறு உள்ளவர்களும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. "நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும்" என்று கைநிறைய அள்ளிக் கொடுப்பது வியாபார தர்மம் ஆகாது.

இன்னொரு எச்சரிக்கை. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் லேபிள் இல்லாமல் விற்கும் சில மாத்திரைகளிலும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. சாப்பிட்டவுடன் அற்புத குணம் தெரியும், சில மாதத்தில் முகம் ஊதும், வயிறு பெருக்கும், சர்க்கரை ஏறும். பெயரும் தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத எதையும் நம் கடையில் வைக்கக் கூடாது. மருத்துவர் எழுதிக்கொடுத்து ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும்.

வேலையாட்களையும் நினைப்போம்

முதலாளிக்கு உள்ள கார்ட்டிசோல்தான் வேலையாளுக்கும். நாம் கத்தும்போது ஏறுவது நம்முடையது மட்டுமல்ல. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. இன்னும் பல கடைகளில் ஸ்டூல் இல்லை. ஸ்டூல் விலை நமக்குத் தெரியும். வாரம் ஒரு நாள் முழு விடுமுறை, மதியச் சாப்பாட்டுக்கு நிம்மதியான அரை மணி நேரம் ஆகியவற்றைக் கடைவீதி முழுவதும் ஒரே முடிவாக எடுத்தால், "எதிர்க் கடை திறந்திருக்கிறதே" என்ற பயம் யாருக்கும் இருக்காது. தனி ஆளால் முடியாத இந்தக் காரியத்துக்குத்தான் சங்கம் இருக்கிறது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

முகம் உருண்டையாகி, வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள் விழுந்து, தொடைகள் பலமிழந்து, லேசாகத் தட்டினாலே தோல் கன்றிப்போனால் அது சாதாரணத் தொந்தி அல்ல. உடனே காட்ட வேண்டும். நெஞ்சு வலி, நடந்தால் மூச்சு வாங்குதல், தூக்கத்தில் பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருதல், எதிலும் பிடிப்பின்றி வாரக்கணக்கில் மனம் சோர்ந்து கிடத்தல் ஆகியவையும் அப்படியே. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு பார்த்துக்கொள்வது அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

சுருங்கச் சொன்னால், தொந்திக்கு டென்ஷன் ஒரு பங்குதாரர், முழு முதலாளி அல்ல. மழை பெய்வதும், விலை இறங்குவதும், செக் திரும்புவதும் நம் கையில் இல்லை. எத்தனை மணிக்குப் படுப்பது, டீயில் எத்தனை ஸ்பூன் சீனி போடுவது, தினமும் எவ்வளவு தூரம் நடப்பது ஆகியவை நம் கையில் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31-ல் இருப்புக் கணக்கு எடுக்கிறோம். இனி மாதம் ஒரு முறை, முதல் தேதியன்று, இடுப்புச் சுற்றளவையும் அளந்து அதே கணக்கு நோட்டில் ஒரு பக்கம் எழுதி வருவோம். எந்தச் சரக்கிலும் இருப்பு குறைந்தால் கவலைப்படும் நாம், இந்த ஒன்றில் மட்டும் குறையக் குறைய மகிழலாம்.